பாலட்ல 17 கேள்வி இருக்கே, இதையெல்லாம் யாரு உள்ள போடுறாங்க?

வைகைக்கரை (டல்லாஸ் பக்கம்) | அக்டோபர் 19, 2025, இரவு 9.40

மக்களே ஒரு டவுட்டு. போன வருஷக் கடைசிலதான் சிட்டிசன்ஷிப் ஆச்சு, டெக்சாஸ்ல இதுதான் என்னோட மொத ஓட்டு. நாளைக்கு ஏர்லி ஓட்டிங் ஆரம்பிக்குதேன்னு சாம்பிள் பாலட்ட (மாதிரி ஓட்டுச்சீட்டு) இறக்கிப் பாத்தா ஒரு கட்சி பேரு கூட இல்ல, ஆள் பேரும் இல்ல, வெறும் கேள்வியா 17 இருக்கு. எல்லாமே மாநில அரசியல் சாசனத்த மாத்துறதாம். 13வது கேள்வி புரிஞ்சுது, வீட்டு வரில ஸ்கூல் பங்குக்கு இருக்குற ஹோம்ஸ்டெட் கழிவ (நம்ம குடியிருக்குற வீட்டுக்கு தர்ற கழிவு) 1 லட்சம் டாலர்லேர்ந்து 1 லட்சத்து 40 ஆயிரம் ஆக்குறது, அதுக்கு ரெண்டு கையாலயும் ஓட்டு போடுவேன். ஆனா 5வது பாருங்க, கடைல விக்கிறதுக்கு வெச்சிருக்குற கால்நடைத் தீவனத்துக்கு வரி விலக்கு தரலாமாங்குறான். தவிட்டு மூட்டைக்கெல்லாமா அரசியல் சாசனம்? எங்கிட்ட போய் ஏன் கேக்குறாங்க, இதெல்லாம் எப்படி பாலட் வரைக்கும் வருது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கட்சி சண்டை வேணாம் ப்ளீஸ்.

சும்மா_ஒருத்தன் (டெட்ராய்ட் பக்கம்) | இரவு 9.52

கட்சி சண்டை வேணாம்னு சொல்லி ஒரு இழை ஆரம்பிச்சு அது சண்டை இல்லாம முடிஞ்சதா சரித்திரமே இல்ல. துண்டு போட்டு உக்காந்துட்டேன்.

கூவம்_டு_ஆஸ்டின் | இரவு 10.31

@வைகைக்கரை டெக்சாஸுக்கு வந்து 19 வருஷம் ஆச்சு, இந்த திருவிழாவ ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பாக்குறேன், சொல்றேன்.

டெக்சாஸ்ல ஒரே ஒரு வழிதான். சட்டசபைல யாராவது கூட்டுத் தீர்மானம் கொண்டு வரணும், ஹவுஸ்ல 150 பேர்ல 100, செனட்ல 31 பேர்ல 21, அதாவது ரெண்டு சபைலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு. அது கெடைச்சா நேரா பாலட்டுக்குப் போயிடும். கவர்னர் கையெழுத்து தேவையில்ல, அவரால வீட்டோவும் பண்ண முடியாது, அந்த விஷயத்துல அவரும் நம்மள மாதிரி ஒரு ஓட்டுக்காரர்தான். ரெகுலர் செஷன் ஒத்தப்படை வருஷத்துல 140 நாள் நடக்கும், அதுல தேறுனதெல்லாம் பெரும்பாலும் அதே வருஷ நவம்பர்ல நம்ம தலைல வந்து விழும். எது 1, எது 17ங்குறத ஸ்டேட் செக்ரட்டரி ஆபீஸ்ல குலுக்கல் போட்டு எடுப்பாங்க, முக்கியம் முக்கியமில்லங்குற வரிசையெல்லாம் கெடையாது.

இப்ப தவிட்டு மூட்டைக்கு வர்றேன். இந்த சாசனம் 1876ல எழுதுனது. உள்நாட்டுப் போருக்கு அப்புறம் வந்த ஆட்சி மேல செம கடுப்புல இருந்தவங்க, இனிமே எந்த சர்க்காரும் இஷ்டத்துக்கு ஆடக்கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் கட்டிப் போட்டு எழுதிட்டாங்க. அதுல ஒண்ணு, சாசனம் விலக்கு குடுத்தாத் தவிர எல்லா சொத்துக்கும் வரி உண்டுங்குறது. அதனால சட்டசபைக்கே ஆசை இருந்தாலும் ஒரு புது வகை சொத்துக்கு விலக்கு குடுக்கணும்னா சாசனத்தத் தொட்டாகணும், தொடணும்னா உங்ககிட்ட வந்து நிக்கணும். அப்படித் தொட்டுத் தொட்டு 2023 வரைக்கும் 530 திருத்தம் ஆயிடுச்சு. 2007ல தோல், கால்நடை இன்ஸ்பெக்டர்னு ஒரு பதவிய சாசனத்துலேர்ந்து தூக்கலாமான்னு கேட்டாங்க. 2021ல ரோடியோ நடக்குற எடத்துல தர்ம காரியத்துக்கு குலுக்கல் சீட்டு விக்கலாமான்னு கேட்டாங்க. ஜனங்க ரெண்டுக்குமே சரின்னுதான் சொன்னாங்க.

ஒண்ணு கவனிங்க, கேள்விய எழுதுறதும் சட்டசபையேதான். கீழ சின்ன எழுத்துல என்ன சட்டம் மாறுதுங்குறது உங்க பாலட்ல இருக்காது.

வைகைக்கரை | இரவு 10.48

அண்ணே அருமை. அப்ப மூணுல ரெண்டு பங்கு எம்எல்ஏ ஒத்துக்கிட்டத ஜனங்க வேணாம்னு சொன்னதே இல்லயா?

கூவம்_டு_ஆஸ்டின் | இரவு 10.55

இருக்கு. 2023ல 14 கேள்வி வந்துச்சு, 13 பாஸ். தோத்தது ஒண்ணே ஒண்ணு, ஜட்ஜுங்க ரிட்டயர் ஆகுற வயச கூட்டலாமான்னு கேட்டது. ஓட்டு போட்டது பதிவு பண்ணவங்கள்ல சுமார் 14 சதவீதம் பேர்தான், அதயும் சொல்லிடுறேன். இந்த மாநிலத்து சாசனத்த மாத்துறது ஏழு பேர்ல ஒருத்தன்.

எடிசன்_பஸ்ஸ்டாண்ட் (நியூ ஜெர்சி) | அக்டோபர் 20, காலை 7.15

எங்க ஊர்ல கொஞ்சம் வேற. ரெண்டு சபைலயும் அஞ்சுல மூணு பங்கு கெடச்சா ஒரே வருஷத்துல பாலட், அவ்வளவு கெடைக்கலன்னா சாதா மெஜாரிட்டில ரெண்டு வருஷம் அடுத்தடுத்து பாஸ் பண்ணணும். பாலட்ல பொதுக் கேள்வின்னு தலைப்பு போட்டு வரும். 2020ல கஞ்சா கேள்வி அப்படித்தான் வந்துச்சு, மூணுல ரெண்டு பேரு ஆமாம்னுட்டாங்க. எங்களுக்கும் உங்கள மாதிரிதான், ஜனங்களா கையெழுத்து வாங்கி சாசனத்த மாத்துற வழி கெடையாது.

பே_ஏரியா_பரோட்டா (கலிபோர்னியா) | காலை 10.20

கெடையாதா?? நாங்க அதுலயே மூழ்கிப் போய்க் கெடக்கோம். எங்க வீட்டுக்கு வர்ற வோட்டர் கைடு நம்ம ஊர் மளிகைக்கடை பேரேடு கனத்துக்கு இருக்கும்.

இங்க யாரு வேணா ஆரம்பிக்கலாம். மொதல்ல முழு வாசகத்த எழுதி அட்டர்னி ஜெனரல் (மாநில அரசோட தலைமை வக்கீல்) ஆபீஸ்ல 2000 டாலர் கட்டி குடுக்கணும், பாலட்டுக்குத் தேறிட்டா காசு திரும்ப வரும். தலைப்பும் சுருக்கமும் எழுதுறது அவர்தான், நம்ம இல்ல. அப்புறம் 180 நாள்ல கையெழுத்து. கடைசி கவர்னர் தேர்தல்ல விழுந்த ஓட்டுல 8 சதவீதம், இப்போதைக்கு 8,74,641. சாதா சட்டம்னா 5 சதவீதம் போதும். எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எண்ண மாட்டாங்க, ஒவ்வொரு கவுண்டிலயும் (நம்ம மாவட்டம் மாதிரி) 500 இல்ல 3 சதவீதம், எது அதிகமோ அத எடுத்துப் பாப்பாங்க, சோத்துப்பானைல ஒரு பருக்கை மாதிரி. கணக்குப்படி தேவைக்கு 110 சதவீதத்துக்கு மேல தேறுனா உள்ள, 95க்குக் கீழ போனா வெளிய, நடுவுல மாட்டுனாதான் முழுசா எண்ணுவாங்க.

படிக்க அழகா இருக்கும். நேர்ல என்ன நடக்கும்னா மளிகைக்கடை வாசல்ல மடக்கு மேஜை போட்டு ஒருத்தர் நிப்பார், ஒரே சமயத்துல அஞ்சு பெட்டிஷன் வெச்சிருப்பார், ஒரு கையெழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி. போன தடவ எங்கிட்ட வந்தவர் சார் ஸ்கூல் பிள்ளைங்களுக்காக ஒரு கையெழுத்துன்னார். வாங்கிப் படிச்சா வாடகைக் கட்டுப்பாடு பத்தி. எங்க சார் ஸ்கூல்னு கேட்டேன், பாவம் அவரும் ஒரு பக்கத்த புரட்டிப் பாத்துட்டு சாரி அது இன்னொண்ணுன்னு வேற கிளிப்போர்ட எடுத்தார். எனக்கு முன்னாடி நின்ன ரெண்டு பேர் எதுக்கு போட்டாங்களோ தெரியல.

சும்மா_ஒருத்தன் | காலை 10.34

காசு குடுத்து கையெழுத்து வாங்குறத தடை பண்ண வேண்டியதுதான?

பே_ஏரியா_பரோட்டா | காலை 10.41

கொலராடோ பண்ணிப் பாத்துச்சு. 1988ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அது பேச்சுரிமைல கை வைக்குறதுன்னு அடிச்சுப் போட்டுச்சு. அதோட முடிஞ்சுது. இப்ப இந்த வழியில வர்றதுல பெரிய பகுதிக்குப் பின்னாடி பணமூட்டை இருக்கும். ஆனா எல்லாத்தையும் அப்படிச் சொல்லவும் முடியாது. 1978ல வந்த 13ம் நம்பர் ப்ரபோசிஷன் இதே கையெழுத்து வழிதான், வரிக்குக் கணக்கு பண்ற எங்க வீட்டு மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறாம இருக்குறதுக்கு இன்னிக்கும் அதுதான் காரணம். பக்கத்து வீட்டுப் பாட்டி கட்டுறதப் போல பல மடங்கு நான் கட்டுறதுக்கும் அதுதான் காரணம்.

மல்லிப்பூ_ஓஹையோ (கொலம்பஸ்) | காலை 11.58

நான் கிளிப்போர்ட் புடிச்சவ. கூலிக்கு இல்ல, சும்மா, 2024 வெயில்ல. அதனால இத கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

ஓஹையோல ஜனங்க கொண்டு வர்ற திருத்தத்துக்கு மொதல்ல 1000 கையெழுத்தோட சுருக்கத்த அட்டர்னி ஜெனரல்கிட்ட குடுக்கணும், சுருக்கம் நேர்மையா இருக்குன்னு அவர் ஒத்துக்கணும், இல்லன்னா திருப்பி அனுப்புவார், நம்ம திருப்பி எழுதணும். அப்புறம் பாலட் போர்டு இது ஒரே விஷயமான்னு பாக்கும். அதுக்கப்புறம்தான் ரோட்டுல எறங்கணும். கவர்னர் தேர்தல் ஓட்டுல 10 சதவீதம், 4 லட்சத்து 13 ஆயிரத்துக்கு மேல. அதுவும் கொலம்பஸ், கிளீவ்லண்ட்லயே வாங்கி அடுக்க முடியாது, 88 கவுண்டில பாதி, 44 கவுண்டில ஒவ்வொண்ணுலயும் 5 சதவீதமாவது இருக்கணும்.

கையெழுத்து வாங்குறது கேக்க ஈசி. ஒரு புத்தகத்துல ஒரே கவுண்டிக்காரங்கதான் போடலாம். நான் மார்க்கெட்டுக்குப் போகும்போது பைல மூணு புத்தகம் வெச்சிருப்பேன், பிராங்க்ளின் ஒண்ணு, டெலாவேர் ஒண்ணு, லிக்கிங் ஒண்ணு. வர்றவங்ககிட்ட மொதல் கேள்வியே எந்த கவுண்டிங்கன்னுதான். பாதிப் பேருக்கு அவங்க எந்த கவுண்டின்னே தெரியாது! பேனாவுலதான் போடணும், பென்சில் ஆகாது. வீடு மாத்தி இன்னும் பதிவ மாத்தலன்னா செல்லாது. கடைசில நான் எத்தன கையெழுத்து என் கண்ணெதிர்ல போட்டாங்கன்னு எண்ணிக்கை எழுதி கையெழுத்து போடணும், உள்ள 24 இருந்து நான் 23ன்னு எழுதிட்டா புத்தகமே போச்சு. ராத்திரி சாப்பாட்டு மேஜைல உக்காந்து மூணு தடவ எண்ணுவேன், என் பையன் அம்மா சீட்டுக்கம்பெனி வெச்சிருக்காங்கன்னு கிண்டல் பண்ணுவான்.

7 லட்சத்துக்கு மேல குடுத்தோம், 5 லட்சத்து 35 ஆயிரம் செல்லும்னு வந்துச்சு. தொகுதி எல்லைய அரசியல்வாதிங்க கையிலேர்ந்து எடுத்து குடிமக்கள் குழுகிட்ட குடுக்குற திருத்தம். முன்னால நின்னது யாரு தெரியுமா, மாநிலத்தோட முன்னாள் தலைமை நீதிபதி மரீன் ஓ'கானர், அதுவும் ரிபப்ளிகன் கட்சிக்காரம்மா.

அப்புறம் வந்துச்சு பாருங்க வினை. கேள்விய பாலட்ல எப்படி எழுதுறதுன்னு முடிவு பண்றது பாலட் போர்டு, அஞ்சு பேரு, அதுல ஸ்டேட் செக்ரட்டரி ஒருத்தர், மீதி நாலு பேர் சட்டசபைத் தலைவர்கள் போட்ட ஆளுங்க. அவங்க எழுதுன வாசகம் என்னன்னா, இந்தப் புதுக் குழு ரெண்டு பெரிய கட்சிக்கும் சாதகமா தொகுதிய வெட்டியே ஆகணும்னு கட்டாயப்படுத்தும்ங்குற மாதிரி. ஜெர்ரிமாண்டரிங்க (கட்சிக்கு சாதகமா தொகுதி எல்லைய வெட்டுறது) ஒழிக்கணும்னு தெருத்தெருவா போனோம், பாலட்ல அதே வார்த்தையப் போட்டு நாங்கதான் அதக் கொண்டு வர்றோம்னு எழுதிட்டாங்க. கோர்ட்டுக்குப் போனோம், மாநில சுப்ரீம் கோர்ட் 4க்கு 3ல பெரும்பாலும் அத அப்படியே விட்டுடுச்சு. நவம்பர்ல தோத்தோம், 46க்கு 54.

தேர்தல் அன்னிக்கு சாயங்காலம் எங்க தெருவுல ஒரு வயசானவர், எங்கிட்டயே கையெழுத்து போட்டவர், சிரிச்சுக்கிட்டே சொல்றார், ஜெர்ரிமாண்டரிங் வேணாம்னு சொல்லி நோ போட்டுட்டு வந்தேம்மான்னு. நான் ஒண்ணும் சொல்லல. என்னத்த சொல்ல.

வைகைக்கரை | மதியம் 12.20

அக்கா... படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

குருவிக்கூடு_88 | மதியம் 12.33

மன்னிக்கணும் அக்கா, நானும் ஓஹையோதான், நான் நோ போட்டவன், வாசகத்தப் படிச்சு ஏமாந்து இல்ல, முழுசாப் படிச்சுட்டுதான். யாரும் தேர்ந்தெடுக்காத 15 பேரு கையில மேப்ப குடுக்குறதும் எனக்கு சரியாப் படல, தப்பு பண்ணா ஓட்டு போட்டு தூக்க முடியாதுல்ல. தோத்ததுக்கு எல்லாம் வாசகம்தான் காரணம்னு சொல்லிடாதீங்க.

மல்லிப்பூ_ஓஹையோ | மதியம் 12.50

சரி தம்பி, படிச்சுட்டு நோ போட்டா எனக்கு வருத்தமே இல்ல. படிக்கவிடாம எழுதுனதுதான் வருத்தம். 2023ம் ஞாபகம் இருக்குல்ல? நவம்பர்ல கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் பாலட்டுக்கு வரப்போகுதுன்னு தெரிஞ்சதும், இனிமே திருத்தம் ஜெயிக்க 60 சதவீதம் வேணும், 88 கவுண்டிலயும் கையெழுத்து வேணும்னு சட்டசபையே ஒரு திருத்தத்த எழுதி ஆகஸ்ட்ல தேர்தல் வெச்சுது. கொஞ்ச மாசம் முன்னாடிதான் ஆகஸ்ட் தேர்தலுக்கு ஆளே வர்றதில்ல, வீண் செலவுன்னு சொல்லி பெரும்பாலும் நிறுத்தி சட்டம் போட்டிருந்தாங்க! ஆகஸ்ட் 8, 43க்கு 57ல ஜனங்க தூக்கிப் போட்டாங்க. நவம்பர்ல மத்தது கிட்டத்தட்ட 57 வாங்கி பாஸ் ஆச்சு. ஆகஸ்ட்ல அது ஜெயிச்சிருந்தா நவம்பர்ல இது தோத்திருக்கும்.

பனங்கெழங்கு (டாம்பா, புளோரிடா) | மதியம் 1.27

அந்த 60 விளையாட்ட எங்ககிட்ட கேளுங்க. 2006ல இனிமே சாசனத் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேணும்னு ஒரு திருத்தம் வந்துச்சு. அது எவ்வளவுல ஜெயிச்சுது? 57.8. அப்ப பாதிக்கு மேல இருந்தாப் போதும்ல. 2024ல கருக்கலைப்புத் திருத்தம் 57.2 வாங்கி தோத்துப் போச்சு. ஏணில ஏறிப் போய் ஏணிய மேல இழுத்துக்கிட்ட கதை.

அதுக்கு அவங்க சொன்ன காரணத்தையும் நியாயமா சொல்லிடுறேன். 2002ல கர்ப்பமா இருக்குற பன்னிய திரும்பக்கூட முடியாத கூண்டுல அடைக்கக்கூடாதுன்னு எங்க சாசனத்துல எழுதிட்டாங்க. பன்னிக்கு நல்லதுதான், நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா அது சாசனத்துல இருக்கணுமான்னா... இங்க ஜனங்களுக்கு சாதா சட்டம் கொண்டு வர வழியில்ல, சாசனத் திருத்தம் மட்டும்தான். அதான் பன்னியும் அங்க போய் உக்காந்துக்கிச்சு.

இன்னொரு கூத்து, 20 வருஷத்துக்கு ஒருக்கா 37 பேர் கமிஷன் ஒண்ணு கூடும், அவங்க நெனச்சா சட்டசபையும் வேணாம் கையெழுத்தும் வேணாம், நேரா பாலட்ல போட்டுடலாம். ஜனங்க கொண்டு வர்ற திருத்தம் ஒரே விஷயமாத்தான் இருக்கணும், தலைப்பு 15 வார்த்தை, சுருக்கம் 75 வார்த்தை தாண்டக்கூடாது, மாநில சுப்ரீம் கோர்ட் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கும். கமிஷனுக்கு அந்த ஒரே விஷய ரூல் கெடையாது. 2018ல ஒரே கேள்வில கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டக்கூடாது, ஆபீஸ் உள்ள வேப் இழுக்கக்கூடாதுன்னு சேத்துக் கேட்டாங்க. சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே கிண்ணத்துல ஊத்தி வேணுமா வேணாமான்னா நான் என்ன சொல்ல? பாஸ் ஆயிடுச்சு.

சும்மா_ஒருத்தன் | மதியம் 2.05

மிச்சிகன் கதைய நான் சொல்லலன்னா பாவம். எனக்கு இங்க ஓட்டு இல்ல, எச்1பிதான், கிரீன் கார்டு வரிசைல என் பேரன் காலத்துல டர்ன் வரும். வேடிக்கை பாக்க விசா தேவையில்லையே.

2022. இங்கயும் கருக்கலைப்புத் திருத்தம். 4,25,059 கையெழுத்து வேணும், அவங்க குடுத்தது ஏழரை லட்சம். சரின்னு இதையெல்லாம் சரிபாக்குற கேன்வாசர்ஸ் போர்டுக்கு வருது, ரெண்டு ரிபப்ளிகன் ரெண்டு டெமாக்ரட். எதிர்த்தரப்பு ஒரு குறை கண்டுபிடிச்சாங்க. பெட்டிஷன் அச்சடிச்சதுல சில வரில வார்த்தைங்களுக்கு நடுவுல இடைவெளி பத்தலயாம், ஒட்டிக்கிட்டு இருக்காம், அதனால அது வார்த்தையே இல்லயாம். போர்டு 2க்கு 2, முட்டுச்சந்து. ஏழரை லட்சம் பேர் கையெழுத்து ஒரு ஸ்பேஸ் பட்டன் கிட்ட மாட்டி நின்னுச்சு. மாநில சுப்ரீம் கோர்ட் 5க்கு 2ல போடுங்கய்யா பாலட்லன்னு சொல்லி, நவம்பர்ல ஜெயிச்சும் போச்சு.

நம்ம ஓலைச்சுவடில இடைவெளியும் கெடையாது புள்ளியும் கெடையாது. இந்த போர்டு கையில குடுத்திருந்தா தமிழ்ல ஒரு நூலும் தேறியிருக்காது.

பனங்கெழங்கு | மதியம் 2.11

😂😂 ஆர்க்கன்சா அதவிட மோசம். 2024ல அங்கயும் கருக்கலைப்புத் திருத்தம், 90,704 கையெழுத்து வேணும், லட்சத்துக்கு மேல குடுத்தாங்க. கூலிக்கு வாங்குனவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தோம்ங்குற பேப்பர கையெழுத்தோட சேத்துக் குடுக்கலன்னு கூலிக்காரங்க வாங்குனத எண்ணவே இல்ல. கோர்ட் 4க்கு 3ல அதுவும் சரிதான்னுடுச்சு. பாலட்டுக்கே வரல.

வடமராட்சி_பொடியன் (பொஸ்டன்) | மாலை 4.46

எல்லாரும் கையெழுத்து எண்டு கதைக்கிறியள், எங்கட மாசசூசெட்ஸிலை கையெழுத்து காணாது. சனம் கையெழுத்து வாங்கினாப் பிறகு அது சட்டசபைக்குப் போகோணும், 200 உறுப்பினர்கள் கூட்டா இருந்து அதிலை 50 பேராவது ஓம் எண்டோணும், அதுவும் அடுத்தடுத்த தேர்தலிலை தெரிவான ரெண்டு சபையிலை. அதுக்குப் பிறகுதான் பாலட்.

பத்து லட்சம் டொலருக்கு மேலை உழைக்கிறவைக்கு கூடுதலா 4 சதவீத வரி, அந்தக் காசு பள்ளிக்கூடத்துக்கும் றோட்டுக்கும் எண்டு ஒரு திருத்தம். ரெண்டு சபையும் தாண்டி வந்து நிண்டது, 2018 பாலட்டுக்கு றெடி. மாநில உச்ச நீதிமன்றம் வெட்டிப் போட்டுது. வரி ஒரு விசயம், பள்ளிக்கூடம் ஒரு விசயம், றோட்டு இன்னொரு விசயம், சனம் கொண்டு வாறதிலை ஒண்டோடை ஒண்டு தொடர்பு இருக்கோணும் எண்டு. ஆனா அந்தக் கட்டுப்பாடு சட்டசபை தானாக் கொண்டு வாற திருத்தத்துக்கு இல்லை! ஆகையாலை 2019, 2021 எண்டு ரெண்டு தரம் சட்டசபை தானே அதை நிறைவேத்தி 2022 நவம்பரிலை போட்டினம், 52 சதவீதம் வெண்டது. உள்ளடக்கம் அதேதான். கொண்டு வந்த கைதான் வேறை.

எடிசன்_பஸ்ஸ்டாண்ட் | மாலை 6.30

பக்கத்து பென்சில்வேனியால நடந்தத நெனச்சா எனக்கு வயிறு எரியும். அங்க ரெண்டு அடுத்தடுத்த சபை பாஸ் பண்ணணும், நடுவுல தேர்தலுக்கு மூணு மாசம் முன்னாடி ஒவ்வொரு கவுண்டிலயும் ரெண்டு பேப்பர்ல விளம்பரம் வரணும். சின்ன வயசுல பாலியல் கொடுமைக்கு ஆளானவங்க, காலக்கெடு முடிஞ்சிருந்தாலும் கேஸ் போட ரெண்டு வருஷம் வாய்ப்பு தர்ற திருத்தம். முதல் சபை பாஸ், ரெண்டாவது பாஸ் ஆகி 2021 மே மாசம் பாலட்டுக்கு வர வேண்டியது. மாநில அரசு இலாகா விளம்பரம் குடுக்கவே மறந்துடுச்சு. மறதிதான், சதி ஒண்ணும் இல்ல. அந்த இலாகா செக்ரட்டரி ராஜினாமா பண்ணாங்க. திருத்தம் திரும்ப அ, ஆ, இ, ஈலேர்ந்து. முப்பது நாப்பது வருஷமா காத்துக்கிட்டு இருந்தவங்கள நெனச்சுப் பாருங்க.

கூவம்_டு_ஆஸ்டின் | இரவு 8.02

இதெல்லாம் பாக்கும்போது எனக்கு ஒண்ணு தோணுது. பாலட்ல ஆமாம் இல்லன்னு நம்ம குத்துறது கடைசி அஞ்சு நிமிஷம். ஆட்டம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது, யாரு கேள்விய எழுதுறான், எந்த மாசம் வைக்குறான், எத்தன சதவீதம்னு யாரு முடிவு பண்றான். மிசிசிப்பிதான் உச்சம். அஞ்சு காங்கிரஸ் தொகுதி இருந்தப்ப எழுதுன ரூல், எந்தத் தொகுதிலேர்ந்தும் அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கையெழுத்த கணக்குல எடுக்கக்கூடாது. 2000 கணக்கெடுப்புக்கு அப்புறம் தொகுதி நாலாயிடுச்சு. நாலு தொகுதில அஞ்சுல ஒரு பங்குன்னா எவ்வளவு? 80 சதவீதம்தான, 100 எப்படி வரும். இருவது வருஷம் யாரும் அத சரி பண்ணல. 2020ல மருத்துவ கஞ்சாத் திருத்தம் 70 சதவீதத்துக்கு மேல வாங்கி ஜெயிச்சப்புறம் கேஸு, 2021 மே மாசம் மாநில சுப்ரீம் கோர்ட் திருத்தமும் செல்லாது, கையெழுத்து வழியே இனி வேலைக்காகாதுன்னுடுச்சு. அந்த மாநிலத்த சேத்தாதான் ஜனங்க சாசனத்தத் திருத்த வழி உள்ள மாநிலம் 18ன்னு கணக்கு, விட்டா 17.

சும்மா_ஒருத்தன் | இரவு 8.20

நம்ம இந்தியாவுல 106 திருத்தம் ஆச்சு, ஒண்ணுக்காவது ஜனங்ககிட்ட ஆமாமா இல்லயான்னு கேட்டிருக்காங்களா. இங்க தவிட்டுக்கு கேக்குறான்.

குருவிக்கூடு_88 | இரவு 8.26

இங்கயும் நாட்டு சாசனத்துக்கு யாரும் கேக்க மாட்டாங்க, அந்த 27 திருத்தத்துல ஒண்ணு கூட ஜனங்க ஓட்டுக்கு வந்ததில்ல. மாநிலத்துலதான் இந்தப் பழக்கம். அதுலயும் டெலாவேர் மட்டும் விதிவிலக்கு, ரெண்டு அடுத்தடுத்த சபைல மூணுல ரெண்டு பங்கு கெடச்சா முடிஞ்சுது, ஜனங்களுக்கு சேதி மட்டும்தான். நெவாடால நேரெதிர், கையெழுத்து வழியா வந்த திருத்தம் ரெண்டு தேர்தல்ல ஜெயிக்கணும். 2022ல தரவரிசை ஓட்டு முறைக்கு ஆமாம்னு சொன்ன அதே ஜனம் 2024ல வேணாம்னுட்டாங்க. எனக்கு அந்த முறை புடிச்சிருக்கு, தூங்கி எந்திரிச்சு யோசிக்க டைம் கெடைக்குது.

பே_ஏரியா_பரோட்டா | இரவு 9.15

@வைகைக்கரை உங்களுக்கு 17, எங்களுக்கு இந்த நவம்பர் 4க்கு ஒண்ணே ஒண்ணு, 50ம் நம்பர். அதுக்குக் காரணமே உங்க ஊருதான் 😄 ஆகஸ்ட்ல உங்க சட்டசபை காங்கிரஸ் தொகுதி மேப்ப நடுவுலயே மாத்தி வரைஞ்சுது இல்ல, அதுக்கு பதிலடியா எங்க ஆளுங்க இங்கயும் மாத்தணும்னாங்க. ஆனா எங்க மேப்ப வரையுறது தனி கமிஷன், 2008லயும் 2010லயும் ஜனங்களே சாசனத்துல எழுதி வெச்சது. அதனால 2030 வரைக்கும் ஒதுக்கி வைக்கணும்னாகூட மூணுல ரெண்டு பங்கு வாங்கி எங்ககிட்ட வந்து கேட்டாகணும். உங்க ஊர்ல மேப்பு சாதா சட்டம், யாரையும் கேக்க வேண்டாம்.

வைகைக்கரை | இரவு 9.31

ஒரு நிமிஷம். தவிட்டு மூட்டைக்கு எங்கிட்ட கேக்குறாங்க. எம்பி தொகுதிய கலைச்சுப் போடுறதுக்கு கேக்கல?

கூவம்_டு_ஆஸ்டின் | இரவு 9.33

வெல்கம் டு டெக்சாஸ் தம்பி.

மாடரேட்டர் | இரவு 9.50

மேப்பு பத்தி தனி இழை இருக்கு, அங்க ஏற்கனவே 400 பதிவு ஓடுது. தயவு செஞ்சு அங்க போய் அடிச்சுக்கோங்க.

வைகைக்கரை | அக்டோபர் 25, மதியம் 3.12

போட்டாச்சு! நம்ம ஏரியா லைப்ரரிலதான் பூத்து. நீங்க சொன்னதெல்லாம் வெச்சு, சட்டமன்ற கவுன்சில் போடுற அலசல் புத்தகத்தையும் படிச்சு (நெட்ல இலவசம், ஒவ்வொரு கேள்விக்கும் ஆதரவு எதிர்ப்பு ரெண்டும் இருக்கு, புதுசா வர்றவங்க கண்டிப்பா பாருங்க) 17க்கும் குறிப்பு எடுத்து போன்ல வெச்சிருந்தேன். உள்ள போனா போனுக்கு அனுமதி இல்லன்னு ஒரு அம்மா சைகை காட்டுறாங்க, ஓட்டு போடுற எடத்துலேர்ந்து 100 அடிக்குள்ள எடுக்கக்கூடாதாம். பேப்பர்ல எழுதி கொண்டு வரலாமாம். திரும்ப காருக்கு ஓடி, கைல கெடச்சது இந்தியன் ஸ்டோர் பில்லு, அதோட பின்பக்கத்துல 1 ஆ, 2 இ, 3 ஆ ன்னு எழுதிட்டுப் போனேன். மெஷின்ல ஒவ்வொண்ணா படிச்சுப் போட 11 நிமிஷம் ஆச்சு. பின்னாடி நின்ன ஒரு பெரியவர் வெளிய வந்ததும் கேக்குறார், அந்த சீட்ட கொஞ்சம் தர்றியான்னு. தமிழ்ல இருக்கு சார்னேன்.

அஞ்சாம் நம்பருக்கு என்ன போட்டேன்னு கேக்காதீங்க.

மல்லிப்பூ_ஓஹையோ | மதியம் 3.20

நல்லாருப்பா. மொத ஓட்டு வாழ்த்துகள். பில்ல பத்திரமா வெச்சுக்கோ.

கூவம்_டு_ஆஸ்டின் | நவம்பர் 5, காலை 6.55

17க்கு 17 பாஸ். கலிபோர்னியால 50ம் பாஸ்.

சும்மா_ஒருத்தன் | காலை 7.08

ஒண்ணாவது தோக்கும்னு ஆபீஸ்ல ஒரு டெக்சாஸ்காரன்கிட்ட பந்தயம் கட்டியிருந்தேன். ஒரு பிரியாணி போச்சு. தவிடு கூட தோக்கலயா?